ஆற்றுப்படுத்தும் குரல்

பத்துப்பாட்டு என்னும் தொகுதியில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படை வகையைச் சார்ந்தவை. வள்ளல் ஒருவனிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையால் வாடி எதிர்வரும் மற்றொரு கலைஞனுக்கு அவ்வள்ளலிடம் செல்லும் வழியைக் கூறுவதே பெரும்பாலும் அவற்றின் பொருள். ஆறு என்றால் வழி. இன்று மனத்துயர் உற்றவரிடம் அமர்ந்து, அவர் சொல்வதைப் பொறுமையுடன் கேட்டு, அவர் தமக்கு வழிகாண உதவும் பணிக்கும் ஆற்றுப்படுத்தல் என்றே பெயர் வழங்குகிறது. பெயர் பழையது. ஆனால் அப்பணியைக் குழந்தைகளுக்கும் இளைஞர்க்கும் செய்தல் வேண்டும் என்னும் எண்ணம் நம் நாட்டில் வேரூன்றிய வரலாறோ அண்மையது. அவ்வரலாற்றில் நாம் பிழைக்க வந்த இம்மும்பை மாநகருக்குத் தனி இடம் உண்டு. அதனைச் சங்கத்து அன்பர்கட்கு இம்மலர் வாயிலாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

முற்காலத்தில் குழந்தையின் மனத்துயரைக் கேட்பதற்கெனத் தனியே ஒருவர் வேண்டியதில்லை என்பர் பெரியோர். பாட்டி இருந்தாள், அத்தை இருந்தாள், அடித்த தந்தையிடமிருந்து பிள்ளையை இழுத்து அணைத்துக்கொள்ள அடுத்த வீட்டுக் கிழவியும் இருந்தாள். இஃது ஓரளவு உண்மையே. எனினும் அந்த அணைப்பு எல்லாக் குழந்தைகட்கும் கிட்டியதில்லை. வீட்டை விட்டு நீங்கிய பிள்ளைக்கோ யாருமே இல்லை. அத்தகைய பிள்ளையை அரசு முதலில் நோக்கியது குற்றவாளியாகவே ஆகும். 1857ஆம் ஆண்டில் பம்பாயில் டேவிட் சாசூன் பெயரால் இளஞ்சிறார்க்கான சீர்திருத்த நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. 1897இல் இந்திய சீர்திருத்தப் பள்ளிச் சட்டம் வந்தது. சிறைக்கு அனுப்பாமல் தொழில் கற்பிப்பது நல்ல நோக்கமே. ஆயினும், “நீ என்ன செய்தாய்?” என்பதே அன்றைய கேள்வி, “உனக்கு என்ன நேர்ந்தது?” என்று கேட்டாரில்லை.

கேள்வி மாறத் தொடங்கியது கடல் கடந்த நாட்டில். அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1899ஆம் ஆண்டில் சிறார்க்கெனத் தனி நீதிமன்றம் ஏற்பட்டது. அங்குக் கொண்டுவரப்பட்ட பிள்ளைகள் ஏன் அவ்வாறு நடந்தனர் என ஆராயும் பொருட்டு, 1909இல் வில்லியம் ஹீலி என்னும் மருத்துவர் தலைமையில் ஒரு நிலையம் தொடங்கப்பட்டது. பிள்ளையின் உடல்நலம், குடும்பநிலை, பள்ளி வாழ்க்கை ஆகியவற்றோடு, அப்பிள்ளை தன் வாயால் கூறும் கதையையும் அவர் கேட்டறிந்தார். இவ்வகை நிலையங்கள் பின்னர்க் குழந்தை வழிகாட்டு நிலையங்கள் எனப் பெயர் பெற்றுப் பல நாடுகளிலும் பரவின.

நம் நாட்டில் சிறார் சட்டத்தை முதன்முதல் இயற்றிய மாகாணம் நமது சென்னையே என்பதில் நாம் பெருமை கொள்ளலாம். அது 1920இல் நிகழ்ந்தது. 1922இல் வங்கமும் 1924இல் பம்பாயும் தொடர்ந்தன. 1927இல் பம்பாயில் குழந்தைகள் உதவிச் சங்கம் தோன்றியது. 1936இல் இந்நகரில் சர் தொராப்ஜி டாட்டா பெயரால் சமூகப் பணிப் பள்ளி தொடங்கப்பட்டது; அதுவே பிற்காலத்தில் டாட்டா சமூக அறிவியல் நிலையமாக வளர்ந்தது. அப்பள்ளியின் சார்பில் 1937இல் இந்தியாவின் முதலாவது குழந்தை வழிகாட்டு நிலையம் அமைந்தது. பிடிவாதம், பயம், திருட்டு, படிப்பில் பின்தங்கல் ஆகியவற்றைப் பிரம்பால் தீர்க்காமல், காரணம் அறிந்து தீர்க்கலாம் என்னும் கொள்கை இந்நாட்டில் ஒரு கூரையின்கீழ்க் குடியேறியது அப்பொழுதுதான்.

எனினும் அக்கூரையைத் தேடிச் சென்று அடையக்கூடிய குழந்தைகள் எத்தனை பேர்? பெற்றோர் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் குழந்தைக்கே நிலையம் பயன்பட்டது. பெற்றோரே துயருக்குக் காரணமாயின், அல்லது பெற்றோரே இல்லையாயின், அக்குழந்தை எங்கே செல்லும்? இக்குறை தீர ஏறத்தாழ 60 ஆண்டுகள் சென்றன.

1989ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை குழந்தைகளின் உரிமை பற்றிய உடன்படிக்கையை ஏற்றது. 1992இல் இந்தியா அதில் இணைந்தது. தன்னைப் பற்றிய காரியங்களில் தன் கருத்தைக் கூறக் குழந்தைக்கு உரிமை உண்டு என்பது அவ்வுடன்படிக்கையின் கூறுகளுள் ஒன்று. அக்காலத்தில் டாட்டா நிலையத்தில் ஆசிரியராய் இருந்த ஜெரூ பில்லிமோரியா என்னும் அம்மையார், மும்பைத் தெருக்களிலும் புகைவண்டி நிலையங்களிலும் வாழ்ந்த சிறுவர்களோடு பழகி வந்தார். உதவி வேண்டும்போது அழைக்குமாறு தம் வீட்டுத் தொலைபேசி எண்ணை அவர்கட்குக் கொடுத்தார். நள்ளிரவிலும் அழைப்புகள் வந்தன. குழந்தைக்கு ஆபத்து நேரும் வேளைக்கு அலுவலக நேரம் என்று ஒன்று இல்லையன்றோ! இவ்வனுபவத்தின் பயனாக 1996ஆம் ஆண்டில் 1098 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி உதவி மும்பையில் தோன்றியது. பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்கு வரிசையில் எண்ணத் தெரிந்த குழந்தையும் அந்த எண்ணை மறவாது. தெருவில் வளர்ந்த சிறுவர்களே அப்பணிக்குத் துணையாக நின்றனர் என்பது குறிப்பிடத்தக்கது. 1999இல் இதற்கென ஓர் அமைப்பு நிறுவப்பெற்று, மத்திய அரசின் ஆதரவுடன் நாடெங்கும் பரவியது. 2023ஆம் ஆண்டு முதல் இவ்வுதவி மாநில, மாவட்ட நிர்வாகங்களின் பொறுப்பில் அமைந்து, 112 என்னும் அவசர உதவி எண்ணோடும் இணைக்கப்பட்டுள்ளது.

இவ்விடத்தில் நமது இருப்புப்பாதைப் பணியோடு தொடர்புடைய ஒரு செய்தியைக் கூறாதிருத்தல் இயலாது. வீட்டை விட்டு ஓடும் பிள்ளை முதலில் நாடுவது புகைவண்டியையே. 2018ஆம் ஆண்டில் மட்டும் ரயில்வே பாதுகாப்புப் படையினர் 17,112 குழந்தைகளை மீட்டனர். அவர்களுள் 13,187 பேர் வீட்டை விட்டு ஓடி வந்தவர்கள். 2018 முதல் 2024 மே முடிய மீட்கப்பட்டோர் தொகை 84,119. பெரிய நிலையங்கள் பலவற்றில் குழந்தைகட்கென உதவி மேசைகளும் இன்று உள்ளன.

அவை இல்லாத காலத்து நிகழ்ச்சி ஒன்று நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. சுமார் 20 ஆண்டுகட்கு முன்னர் நாம் பயணச்சீட்டுச் சாளரத்தில் அமர்ந்திருந்தபோது, பதினான்கு வயது மதிக்கத்தக்க சிறுவன் ஒருவன் வந்து, திருநெல்வேலிக்குச் சீட்டு என்ன விலை என்று தமிழில் வினவினான். கையில் பையில்லை; காலில் செருப்பில்லை. விசாரித்ததில், கணக்குத் தேர்வில் தவறியதாகவும், வீட்டில் அடிக்கு அஞ்சி வண்டி ஏறியதாகவும் கூறினான். நாம் என் செய்தோம்? “ஏண்டா, படிக்கச் சொன்னால் ஓடியா வருவது? பெற்றவள் என்ன பாடுபடுவாள் தெரியுமா?” என்று அதட்டினோம். வரிசையில் நிற்போரை அனுப்பிவிட்டு வருவதாகச் சொல்லி, எதிரிலிருந்த பலகையில் அமரச் சொன்னோம். அவனும் அமர்ந்தான். அரைமணி கழித்து எழுந்து சென்று பார்த்தபோது பலகை வெறுமையாய் இருந்தது. நடைமேடை முழுவதும் தேடியும் பயனில்லை. 1098 என்ற எண் அன்றே இந்நகரில் இருந்தது. நாம்தான் அதனை அறிந்திருக்கவில்லை. அச்சிறுவன் ஊர் சேர்ந்தானா என்பது இன்றுவரை நமக்குத் தெரியாது. அவன் நம்மிடம் கேட்டது சீட்டின் விலை மட்டும் அன்று என்பது பின்னரே விளங்கிற்று.

தெருவில் நிற்கும் குழந்தைக்கே துயர் உண்டு, நம் வீட்டுப் பிள்ளைக்கு என்ன குறை என்று எண்ணுதல் தவறு. தேசியக் குற்றப் பதிவுத் துறையின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் இந்நாட்டில் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்ட மாணவர் 13,044 பேர். அவர்களுட் பலரும் நம்மைப் போன்ற இல்லங்களில் வளர்ந்தவர்களே. இக்கொடுமையைத் தடுக்கத் தமிழ்நாடு சில நற்செயல்களைச் செய்துள்ளது. 1986இல் சென்னையில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ஸ்நேகா என்னும் அமைப்பு, துயருற்றோர் கூறுவதைக் கேட்பதையே தொண்டாகக் கொண்டது. தேர்வில் தவறியோர் ஓராண்டை இழக்காமல் உடனே மீண்டும் எழுதத் துணைத்தேர்வு முறை வந்தது. 2017ஆம் ஆண்டில் பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கமும் நிறுத்தப்பட்டது.

சட்டமும் தன் நோக்கை மாற்றிக்கொண்டது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைக் குற்றவாளியாகக் கருதாமல், கடும் மன உளைச்சலுக்கு ஆளானவராகவே கருதல் வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் முடிவு. 2022 அக்டோபர் 10ஆம் நாள் மத்திய அரசு 14416 என்னும் மனநல உதவி எண்ணைத் தொடங்கியது. தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் இதிற் பேசலாம். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் கல்வி நிலையங்களில் ஆற்றுப்படுத்துநர் ஒருவரேனும் இருத்தல் வேண்டும் என நெறி வகுத்தது. 1857இல் குற்றம் என்று தொடங்கிய கதை, இவ்வாறு துயரத்தைக் கேட்கும் நிலைக்கு வந்து சேர்ந்துள்ளது.

பிறமாநிலத்தில் வாழும் நமக்கு இதில் தனிக் கவலை உண்டு. நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும், தெருவில் மராத்தியும் இந்தியும், பள்ளியில் ஆங்கிலமும் பேசுகின்றனர். கணக்கையும் அறிவியலையும் அவர்கள் ஆங்கிலத்தில் கற்றுவிடுகின்றனர். ஆனால் அழுகையை எம்மொழியில் சொல்வர்? பாட்டியும் அத்தையும் ஊரில் இருக்கின்றனர். நாமோ காலை வண்டியைப் பிடித்து இரவு வண்டியில் திரும்புகின்றோம்.

ஆண்டுதோறும் இவ்விழாவில் மிகுந்த மதிப்பெண் பெற்ற சிறார்க்குப் பதக்கம் வழங்கி மகிழ்கின்றோம். அது தொடரட்டும். ஆயினும் தேர்வில் தவறிய பிள்ளை அன்று விழாவுக்கு வருவதில்லை என்பதையும், அப்பிள்ளையின் பெற்றோரும் தலைவலி என்று வீட்டில் இருந்துவிடுகின்றனர் என்பதையும் நாம் கவனித்தோமா? தேர்வு முடிவு வரும் வாரத்தில் சங்கத்து முதியோர் இருவர் மூவர் அவ்வீடுகட்குச் சென்று, மதிப்பெண் பற்றி ஒரு சொல்லும் கேளாமல், ஒரு குவளை காப்பி அருந்தி, பிள்ளையோடு பேசி வருதல் கூடாதா? நூலகத்தில் வாரம் ஒரு மாலை, அறிவுரை கூறாமல் செவி மட்டும் கொடுக்கும் ஒருவரை அமர்த்துதல் அரிதா? இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. மனமும் நேரமுமே வேண்டும். துயர் மிகுந்த இடத்தில் பயிற்சி பெற்றவரின் துணையை நாடவும் நாம் தயங்கலாகாது. 1098, 14416 என்னும் இரண்டு எண்களையும் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் பிள்ளைகளின் கண்ணுயரத்தில் எழுதி வைக்குமாறு செயற்குழுவினரை வேண்டிக்கொள்கின்றோம்.

பலகையில் அமரச் சொல்லிவிட்டு வரிசையைக் கவனிக்கச் சென்ற பிழையை நாம் ஒருமுறை செய்தோம். அதனை நம் சங்கம் செய்யாதிருக்கட்டும். வளர்க நம் இளஞ்சிறார்! வாழ்க நம் சங்கம்!