62½ மார்க்கும் ஒரு விமர்சகனின் வேலையும்

தேனி அல்லிநகரத்துக்காரரான பாரதிராஜாவின் முதல் படம் '16 வயதினிலே' 1977 செப்டம்பரில் வெளியானது. ஆனந்த விகடன் அதற்குக் கொடுத்த மார்க் 100-க்கு 62½. முப்பது வருடம் கழித்து, 2007 நவம்பரில், அமெரிக்காவின் கேம்ஸ்பாட் இணையதளம் 'கேன் அண்ட் லிஞ்ச்' என்ற வீடியோ கேமுக்கு 10-க்கு 6 கொடுத்தது. அதாவது 100-க்கு 60.

முதல் மார்க் கம்பம் பள்ளத்தாக்கின் பெருமையாகிவிட்டது. இரண்டாவது மார்க்கைப் போட்ட ஜெஃப் கெர்ஸ்ட்மன் அந்த மாதமே வேலையை இழந்தார். இத்தனைக்கும் வித்தியாசம் வெறும் இரண்டரை மார்க்!

ஒளிவுமறைவு இல்லாமல் எழுதும் ஒரு கேம் விமர்சகரால் பெரிய நிறுவனத்தில் காலம் தள்ள முடியுமா என்ற கேள்விக்கு இந்த இரண்டு மார்க்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும்.

கஞ்சத்தனமான மார்க்

'16 வயதினிலே' படத்தை வாங்க விநியோகஸ்தர்கள் தயங்கினார்கள். தயாரிப்பாளர் எஸ்.ஏ.ராஜ்கண்ணு தானே வெளியிட வேண்டியதாயிற்று. கதாநாயகன் கோவணம் கட்டிய சப்பாணி. இசை, அதே மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா. அப்படிப்பட்ட படத்துக்கு விகடன் போட்ட 62½, அந்தப் பத்திரிகை எந்தப் படத்துக்கும் கொடுத்ததிலேயே அதிகம் என்று இன்றுவரை சொல்லப்படுகிறது.

பரீட்சைக் கணக்கில் 62½ என்பது முதல் வகுப்பைத் தொட்டுவிட்டு நிற்கும் மார்க். அதற்கு ஏன் இத்தனை பெருமை? விகடனில் நாற்பது, நாற்பத்தைந்து வாங்கினாலே பார்க்கத் தகுந்த படம் என்று அர்த்தம். எல்லோருக்கும் தாராளமாக 90 போட்டிருந்தால் இந்த 62½-ஐ யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். கேம் உலகத்தில் நிலைமை தலைகீழ். பத்துக்கு ஏழு, எட்டு என்பது அங்கே சாதாரணம். ஆறு என்றால் திட்டியதாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

சம்பளம் எங்கிருந்து வருகிறது?

போடிநாயக்கனூர் ஏலக்காய் ஏலத்தில் வியாபாரி மாதிரியைக் கையில் எடுத்து, நிறத்தையும் பருமனையும் பார்த்துவிட்டுத்தான் விலை கேட்பார். சினிமா டிக்கெட்டோ வீடியோ கேமோ அப்படி இல்லை. முதலில் காசு, பிறகுதான் சரக்கு! அதனால் வாங்குபவருக்குப் பதிலாக மாதிரி பார்த்துச் சொல்லும் வேலையை விமர்சகர் செய்கிறார். அவருடைய சம்பளம் வாங்குபவரிடமிருந்து வருகிறதா, விற்பவரிடமிருந்து வருகிறதா என்பதுதான் விஷயமே.

விகடனின் பலம், கடையில் காசு கொடுத்து வாங்கிய லட்சக்கணக்கான வாசகர்கள். ஒரு தயாரிப்பாளர் கோபித்துக்கொண்டால் பத்திரிகை நின்றுவிடாது. விமர்சனமும் தனிநபர் பெயரில் வராமல் நெடுங்காலம் 'விமர்சனக் குழு' என்றே வந்தது. யாரை வேலையை விட்டு எடுக்கச் சொல்வது?

இத்தனைக்கும் விகடன் சினிமாவுக்கு வெளியே நின்ற பத்திரிகை இல்லை. 1928-ல் அதை வாங்கிய எஸ்.எஸ்.வாசன்தான் பிறகு ஜெமினி ஸ்டூடியோவின் அதிபர். அவருக்குப் பின் ஆசிரியரான மகன் எஸ்.பாலசுப்ரமணியன், 1987-ல் அட்டைப்பட நகைச்சுவை ஒன்றுக்காக மன்னிப்புக் கேட்க மறுத்து, சட்டமன்ற உத்தரவின்பேரில் சிறைக்கே போனார். எதிர்ப்பு கிளம்பியதால் சில நாட்களில் விடுதலையானார். முதலாளியே இப்படி நிற்கும் இடத்தில் விமர்சகருக்கு முதுகெலும்பு தனியாகத் தேவைப்படாது.

சங்கீத விமர்சகர் சுப்புடுவின் கதை வேறு மாதிரி. 1942-ல் யுத்தத்தின்போது பர்மாவிலிருந்து நடந்தே இந்தியா வந்து சேர்ந்தவர். டில்லியில் மத்திய அரசு ஊழியர். ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் அவர் எழுதிய விமர்சனங்களைக் கண்டு வித்வான்கள் நடுங்கினார்கள். நாய்களுக்கும் சுப்புடுவுக்கும் அனுமதி இல்லை என்று ஒரு சபாவில் போர்டு வைத்ததாகக்கூட ஒரு கதை உண்டு. ஆனால் மாதச் சம்பளம் அரசாங்கத்திடமிருந்து வந்துகொண்டிருந்தது. விமர்சனம் எழுதித்தான் அடுப்பு எரிய வேண்டும் என்ற நிலை அவருக்கு இல்லை. 2007 மார்ச்சில், 90 வயதில், தன் கறார்த்தனம் குறையாமலே காலமானார்.

கெர்ஸ்ட்மனுக்கு என்ன ஆனது?

அதே 2007-ல்தான் கெர்ஸ்ட்மன் விவகாரம். கேம்ஸ்பாட்டைப் படிக்க வாசகர்கள் காசு கொடுக்கத் தேவையில்லை. வருமானம் விளம்பரத்தில். விளம்பரம் தந்தவை பெரும்பாலும் கேம் நிறுவனங்கள். அவர் 6 போட்ட அதே நேரத்தில் அதே தளத்தின் முகப்பு முழுக்க 'கேன் அண்ட் லிஞ்ச்' விளம்பரம்! வெளியீட்டாளரான ஈடோஸின் அழுத்தம்தான் காரணம் என்று வாசகர்கள் கொதித்தார்கள். நிறுவனம் மறுத்தது. ஒப்பந்தம் வாயைக் கட்டியிருந்ததால் கெர்ஸ்ட்மனால் எதுவும் சொல்ல முடியவில்லை. 2012-ல்தான் விளம்பரதாரர் நெருக்கடியை வெளிப்படையாகப் பேசினார். இதற்கிடையில் 2008-ல் 'ஜயண்ட் பாம்ப்' தளத்தைத் தொடங்கியிருந்தார். 2022-ல் அதையும் விட்டு விலகி, வாசகர்கள் நேரடியாகத் தரும் மாதச் சந்தாவை நம்பித் தனியே நடக்க ஆரம்பித்தார்.

இதற்கு எதிர் உதாரணமும் உண்டு. 'யாட்ஸீ' என்று அறியப்பட்ட பென் கிராஷா, தி எஸ்கேப்பிஸ்ட் தளத்தில் 2007 முதல் 2023 வரை கேம்களைக் கிழித்துத் தொங்கவிட்டார். பதினாறு வருடம் நிலைத்தார். அவருடைய திட்டைக் கேட்கவே கூட்டம் வந்தது. ஆனால் இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. திட்டுவதே வியாபாரமாகிவிட்டால், நல்லதை நல்லது என்று சொல்லவும் துணிச்சல் வேண்டும். விகடனின் கறார்த்தனத்துக்கு மரியாதை கிடைத்ததற்குக் காரணம், யாரென்றே தெரியாத ஒரு புது இயக்குநருக்கு 62½ போடவும் அதற்குத் தெரிந்திருந்தது.

இன்று

சண்டை ஓயவில்லை. படம் வெளியாகி மூன்று நாட்களுக்கு இணைய விமர்சனங்களைத் தடுக்க வேண்டும் என்று 2024-ல் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள் தரப்பு சென்னை உயர் நீதிமன்றம் போனது. விமர்சனம் கருத்துச் சுதந்திரம் என்று சொல்லி, தடை விதிக்க நீதிமன்றம் மறுத்தது. வாயை மூடுவதற்குச் சட்டம் உதவவில்லை. ஆனால் விளம்பரத்தை நிறுத்துவதற்குச் சட்டம் எதுவும் தேவையில்லையே!

ஆக, கறாரான விமர்சகர் பெரிய நிறுவனத்தில் பிழைக்க முடியும். வாசகர் காசு கொடுத்தால், அல்லது சுப்புடுவைப் போல வேறு சம்பளம் இருந்தால், அல்லது முதலாளி சிறைக்குப் போகவும் தயாராக இருந்தால். எல்லாம் இலவசமாக வேண்டும், விமர்சனமும் நேர்மையாக வேண்டும் என்றால் அந்தச் செலவை வேறு யாரோ ஏற்கிறார்கள். அவர்கள் சும்மா ஏற்பதில்லை.