முள்ளு மாத்துனியாய்யா?

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் குறைஞ்சிருக்கு, அதான் உக்காந்துட்டேன். "ரிக்கார்டு பிளேயர் வாங்கலாம்னு இருக்கேன், கம்மி விலையில எது நல்லது?"ன்னு போன மாசம் மட்டும் மூணு பேர் கேட்டாங்க. ரெண்டு வரியில பதில் சொல்லிட்டுப் போயிருக்கலாம். ஆனா அந்த ரெண்டு வரியை நான் கத்துக்கிட்டது எங்க ஊர்ப் பரண்ல இருந்து. அதனால கொஞ்சம் கொசுவத்தி சுத்தித்தான் ஆகணும், பொறுத்துக்கோங்க.

ஊரு புதூர். தமிழ்நாட்டுல எத்தனையோ புதூர் இருக்கு. இது விளாத்திகுளம் பக்கத்துப் புதூர், கோவில்பட்டிக்குக் கிழக்கே. கரிசக்காடு. மிளகாய், மல்லி, பருத்தி, மழை பேஞ்சா உண்டு, இல்லேன்னா இல்லை. எங்க அம்மாவோட அப்பா அங்க ரேடியோ செட்காரர். மத்த ஊர்கள்ல மைக் செட்டுன்னு சொல்றதை எங்க பக்கம் ரேடியோ செட்டுன்னுதான் சொல்லுவோம். ரேடியோவுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கல்யாணம், சடங்கு, காதுகுத்து, அம்மன் கொடை... எதுவானாலும் முந்தின நாள் சாயங்காலமே வேப்பமரத்து உச்சியில கூம்புக் குழாயைக் கட்டி, திண்ணையில ஆம்ப்ளிஃபயரை வெச்சு ரிக்கார்டு போட ஆரம்பிச்சிருவாங்க. நாலு ஊருக்குக் கேக்கும். பத்திரிகையே அடிக்க வேண்டாம்.

தாத்தாவுக்கு இப்போ 77 வயசு. ஒரு காது சுத்தமா போச்சு, இன்னொண்ணு பாதி. (முப்பது வருசம் குழாய்க்குக் கீழயே உக்காந்திருந்தா வேற என்ன ஆகும்?) போன வருசப் பொங்கலுக்குப் போனப்போ பரண்ல இருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கச் சொன்னாரு. உள்ளே பழைய துணி சுத்தி நாப்பது, அம்பது தட்டு. "எய்யா, இந்தக் காதும் போறதுக்குள்ள காருகுறிச்சியார் தட்டை ஒருதரம் கேக்கணும். ஒனக்குத்தான் மிசினு வேலை தெரியுமே"ன்னாரு. நான் படிச்சது எலெக்ட்ரானிக்ஸ் எஞ்சினியரிங், பாக்குறது பொட்டி தட்டுற வேலை. இதை எப்படி அவருக்கு விளக்குறது? சரின்னுட்டேன்.

அன்னிக்கு ராத்திரியே ஒரு பாவத்தையும் பண்ணுனேன். பரண்லயே ஒரு பழைய ரிக்கார்டு பிளேயர் இருந்துச்சு. முள்ளு இருக்குற தலையில ஒரு குட்டி நெம்பு. ஒரு பக்கம் திருப்பினா 78-னு இருக்கும், மறுபக்கம் எல்.பி. அதை ஒழுங்காப் பாக்காம அம்மா பத்திரமா வெச்சிருந்த 'அன்னக்கிளி' ஈ.பி.யைப் போட்டு ரெண்டுதரம் ஓட்டிட்டேன். 78-க்கான தடிமனான முள்ளு அந்த மெல்லிய தடத்தை உழுதுட்டுப் போயிருச்சு. 1976-ல வந்த தட்டு, இளையராஜாவோட முதல் படம். இப்போ எதுல போட்டாலும் பாட்டுக்குப் பின்னாடி சோளப்பொரி பொரியுது. அம்மா ஒண்ணும் சொல்லலை. திட்டியிருந்தாக்கூடப் பரவால்லன்னு இருந்துச்சு.

இந்தத் தப்புக்குப் பின்னாடி ஒரு நூறு வருசக் கதை இருக்கு.

இந்தியாவுல வணிகத்துக்காகப் பாட்டைத் தட்டுல பிடிக்க ஆரம்பிச்சது 1902 நவம்பர்ல, கல்கத்தாவுல. அப்போ பாடுனவங்கள்ல ஒருத்தர் கௌஹர் ஜான். அந்தத் தட்டுகளை ஜெர்மனியில ஹானோவர்ல அடிச்சுக் கப்பல்ல திருப்பிக் கொண்டுவந்தாங்க. 1908-ல கல்கத்தா சியால்டாவுலயே ஆலை வந்துருச்சு. தட்டோட மூலப்பொருள் அரக்கு. உலகத்துக்கே அதிகமா அரக்கு அனுப்புன நாடு இந்தியாதான். அதுல கல்லுத்தூளும் கரித்தூளும் பஞ்சுத்தூளும் கலப்பாங்க. (அந்தப் பஞ்சு எந்தக் கரிசல்ல வெளைஞ்சதோ!) கல்லுத்தூள் வெறும் கலப்படம் இல்லை. இரும்பு முள்ளை முதல் சில சுத்துலயே உரசித் தேய்ச்சுத் தடத்துக்கு ஏத்த மாதிரி ஆக்குறது அதுதான். அதனாலதான் ஒரு பக்கம் ஓடி முடிஞ்சதும் முள்ளைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு மாட்டணும்னு விதி. பத்து அங்குலத் தட்டுல ஒரு பக்கம் மூணு நிமிசம் ஓடும். மூணு நிமிசத்துக்கு ஒரு முள்ளு.

நம்ம ஊர்ல யாரு அப்படி மாத்துனா? முள்ளும் காசு குடுத்துத்தானே வாங்கணும்.

தமிழ்நாட்டுல இந்த வியாபாரம் சூடு பிடிச்சது 1930-கள்ல. ஏ.வி.மெய்யப்பன் காரைக்குடியில அப்பாவோட கடையில தட்டு வித்தவர்தான். அப்புறம் சென்னைக்கு வந்து சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஆரம்பிச்சு, தட்டு வியாபாரத்துல இருந்தே சினிமாவுக்குப் போனாரு. நாடகப் பாட்டுத் தட்டுகளுக்கு அப்படி ஒரு மவுசு. எஸ்.ஜி.கிட்டப்பா 1933-ல 27 வயசுல செத்துப் போயிட்டாரு. அதுக்கப்புறம் பொறந்தவங்களும் அவர் பாட்டுன்னா உருகுனாங்கன்னா அது தட்டு செஞ்ச வேலை.

கிராமபோனுக்குக் கரண்டு தேவையில்லைங்கிறது பெரிய விஷயம். பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-ல ஓட ஆரம்பிச்சுது. ஆனா மின்சாரம் ஆலை இருக்குற ஊருக்கு வர்ற வேகத்துல கரிசக்காட்டுக் குக்கிராமத்துக்கு வரலை. சாவி குடுத்தா சுத்துற பெட்டி எங்க வேணும்னாலும் பாடும். தாத்தா எடுபிடியா சேர்ந்தப்போ அவங்க முதலாளி வெச்சிருந்த செட்டே ஒரு அதிசயம்தான்: சாவி குடுக்குற பழைய கிராமபோன், அது மேல கரண்டு பிக்கப், கார் பேட்டரியில ஓடுற ஆம்ப்ளிஃபயர், மரத்துல குழாய். மாட்டுவண்டியில ஏத்திட்டுப் போவாங்களாம்.

அது 1962. அந்த வருசப் பொங்கலுக்குத்தான் 'கொஞ்சும் சலங்கை' வந்துச்சு. 'சிங்கார வேலனே தேவா' பாட்டுல எஸ்.ஜானகி குரலோட போட்டி போடுற நாதஸ்வரம் காருகுறிச்சி அருணாசலம். அவர் பொறந்தது அம்பாசமுத்திரம் பக்கம் காருகுறிச்சியிலன்னாலும் வாழ்ந்தது கோவில்பட்டியில. அவருக்குச் சிலையே அங்கதான் இருக்கு. டி.என்.ராஜரத்தினம் பிள்ளையோட சிஷ்யர். 1964-ல காலமாயிட்டாரு. எங்க பக்கத்து ஆளு வாசிச்ச பாட்டு எங்க மரத்துக் குழாயிலயே வருதுன்னா கேக்கணுமா? ஒரு கல்யாணத்துக்குப் பத்துத் தடவை ஓடியிருக்கும். அதே மாதிரிதான் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959) வசனத் தட்டும், 'திருவிளையாடல்' (1965) வசனத் தட்டும். பாஞ்சாலங்குறிச்சி எங்களுக்குப் பக்கம்கிறதால கட்டபொம்மனுக்குக் கைதட்டு ரெண்டு மடங்கு.

இப்போ கணக்கைப் பாருங்க. முள்ளு மாத்தலை. புழுதியோ கேக்கவே வேண்டாம், கரிசல் மண்ணு காத்துலயே பறக்கும். தடம் தாண்டிக் குதிச்சா முள்ளுக் கையி மேல ஒரு காசை வெச்சு அமுக்கு. தட்டு என்ன ஆகும்? ஆனா அது யாருக்கும் கேக்கலை. கூம்புக் குழாய் நடுவாந்திரச் சத்தத்தைத்தான் தள்ளும். அடிச்சத்தமும் வராது, உச்சியில வர்ற கீச்சுக்கீச்சும் பெருசா வராது. தேய்மானத்தோட இரைச்சல் முக்காவாசி அந்தக் கீச்சுலதான் இருக்கு. தட்டைத் தேய்ச்சதும் அந்தச் செட்டு, தேய்மானத்தை மறைச்சதும் அதே செட்டு. அறுபது வருசம் கழிச்சு அந்தத் தட்டை ஒரு ரூமுக்குள்ள நல்ல ஸ்பீக்கர்ல போடும்போதுதான் வண்டவாளம் தெரியுது.

வீட்டுல வெச்சுக் கேக்குறதுங்கிறது எங்க பக்கம் பெரிய வீட்டுச் சமாச்சாரம். கோவில்பட்டித் தீப்பெட்டி முதலாளி வீடுகள்லயும் பருத்தி யாவாரிங்க வீடுகள்லயும் மேசை மாதிரி ரேடியோகிராம் இருந்ததா தாத்தா சொல்லுவாரு. 1970-கள்ல எச்.எம்.வி. ஃபியஸ்டா மாதிரி கையில தூக்கிட்டுப் போற பெட்டிகள் வந்தப்புறம்தான் வாத்தியார் வீடு, பேங்க் காரர் வீடுன்னு இறங்கி வந்துச்சு. இந்த மாதிரி மலிவு மிசின்கள்ல வழக்கமா கிரிஸ்டல், அப்புறம் செராமிக் பிக்கப். அதுல வர்ற மின்னழுத்தம் பெருசு, தனியா ப்ரீஆம்ப் தேவையில்ல, அதனால விலை கம்மி. பதிலுக்கு முள்ளு கனமா அழுத்தும். கிரிஸ்டலுக்கு இன்னொரு வியாதியும் உண்டு. அது ரோஷெல் உப்புங்கிற ஒரு உப்பு. வெயில் தாங்காது. சித்திரை மாசம் தகரக் கொட்டாய்ல வெச்சா அவ்வளவுதான். வெயில் முடிஞ்சா பிக்கப் மாத்துறது ஒரு வருசாந்திரச் செலவுன்னு தாத்தா சலிச்சுக்குவாரு.

அமெரிக்காவுல எல்.பி. 1948-லயும் 45 சுத்துத் தட்டு 1949-லயும் வந்துருச்சு. இங்க 1960-கள் முழுக்க 78-ம் கூடவே ஓடிச்சு. ஒரே வீட்டுல மூணு வேகத் தட்டும் இருந்ததால வந்ததுதான் அந்த நெம்பு வெச்ச முள்ளு. 78-க்கான முள்ளு நுனி எல்.பி. முள்ளை விட மூணு, நாலு மடங்கு தடிமன். அப்புறம் 80-கள்ல கேசட் வந்து எல்லாத்தையும் வாரிட்டுப் போயிருச்சு. தாத்தாவும் 1983-ல டேப்புக்கு மாறிட்டாரு. 90-களோட தொடக்கத்துல இங்க தட்டு அடிக்கிறதே ஏறக்குறைய நின்னுபோச்சு. இப்போ திரும்ப வந்திருக்கிறது உங்களுக்கே தெரியும். அமெரிக்காவுல 2022-ல எண்ணிக்கையில சிடியைத் தாண்டிருச்சு, 1987-க்கப்புறம் முதல் தடவையா.

சரி, மூணு பேர் கேட்ட கேள்விக்கு வர்றேன்.

நான் முதல்ல வாங்குனது சூட்கேஸ் மாதிரி வர்ற, ஸ்பீக்கர் உள்ளேயே இருக்குற மலிவுப் பெட்டி. கம்பெனி பேரு வேண்டாம். மூணு வேகம்னு போட்டிருந்துச்சு. வேகம் மூணுதான், முள்ளு ஒண்ணே ஒண்ணு, எல்.பி. முள்ளு. அதை 78-ல வெச்சா தடத்தோட அடியில கிடக்குற குப்பையில உருளும், சுவரைத் தொடாது. சுத்துறதும் சீரா இல்லை. சினிமாப் பாட்டுல இது தெரியாம போயிரலாம், நீளமா ஒரே ஸ்வரத்துல நிக்கிற நாதஸ்வரத்துல உடனே தெரியும், ஊஞ்சல் ஆடுற மாதிரி. நாலு நாள்ல திருப்பி அனுப்பிட்டேன்.

தட்டு என்னன்னு பாத்துட்டுத்தான் மிசின் வாங்கணும். உங்ககிட்ட இருக்கிறது எல்.பி., ஈ.பி. மட்டும்னா கவலையே இல்லை. ஆடியோ டெக்னிகா எல்.பி.60எக்ஸ் மாதிரி ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்குற மிசின், கூட ஒரு ஜோடி பவர்டு ஸ்பீக்கர், முடிஞ்சது. முள்ளைத் தனியா மாத்திக்கலாம். பத்து ரூபா இருந்தா ஆறு ரூபாயை மிசினுக்கும் முள்ளுக்கும் வைங்க, ஸ்பீக்கரை அப்புறம் பெருசாக்கிக்கலாம். எல்லாரும் தலைகீழாத்தான் பண்றாங்க. ஸ்பீக்கர் தட்டைத் தேய்க்காது, முள்ளுதான் தேய்க்கும். செகண்ட் ஹேண்ட்னா முள்ளைப் பழசுன்னே வெச்சுக்கிட்டு முதல்ல புதுசு மாத்துங்க.

78 இருந்தா கதை வேற. 78 சுத்துற நல்ல மிசின் விலை ஜாஸ்தி. நான் பண்ணுனது குறுக்கு வழி. தலை கழட்டி மாட்டுற பழைய டர்ன்டேபிள் ஒண்ணை செகண்ட் ஹேண்ட்ல பிடிச்சேன், 33-ம் 45-ம் மட்டும்தான் சுத்தும். அதுல ஆடியோ டெக்னிகாவோட 78-க்கான காட்ரிட்ஜ், விஎம்95எஸ்பி. தட்டை 45-லயே ஓட்டி லேப்டாப்புல பதிஞ்சு, ஆடாசிட்டியில வேகத்தை 78-க்கு ஏத்திட்டேன். ஸ்ருதி சரியா வந்துரும். பாஸ், ட்ரெபிள் கணக்கு கொஞ்சம் தடம் மாறும், அதைத் தனியா சரி பண்ணணும். தட்டு மோனோங்கிறதால இடதையும் வலதையும் கூட்டிப் போட்டா இரைச்சல் இன்னும் குறையும். தட்டைக் கழுவும்போது ஒண்ணு மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: அரக்குத் தட்டுல ஆல்கஹால் படவே கூடாது, கரைஞ்சிரும். டிஸ்டில்டு வாட்டர், துளி சோப்பு, உடனே துடைச்சிரணும்.

அந்த காட்ரிட்ஜுக்கு ஏறக்குறைய 5 கிராம் அழுத்தம் வேணும். என் மிசின்ல 4-க்கு மேல வெக்க முடியலை. தாத்தா தன்னோட முள்ளு டப்பாவைத் துழாவி ஒரு பழைய ஒரு பைசா அலுமினியக் காசை எடுத்துக் குடுத்தாரு. முக்கால் கிராம். தலை மேல ஒட்டி எடை பாத்தேன், 4.7. எஞ்சினியரிங் படிச்சுட்டுக் கடைசியில நானும் காசு வெச்சுட்டேன் :-)

இந்தப் பொங்கலுக்கு எல்லாத்தையும் தூக்கிட்டுப் போனேன். பதிஞ்சதைக் கேக்கச் சொன்னா அவருக்கு ஆகாது, தட்டு கண்ணு முன்னாடி சுத்தணும். அதனால தட்டு மேல 45-ல சும்மா சுத்த விட்டுட்டு (முள்ளு படாமத்தான்), லேப்டாப்புல இருந்து ஸ்பீக்கர்ல பாட்டைப் போட்டேன். ஏமாத்துதான், தெரியும். போடுறதுக்கு முன்னாடி கேட்டாரு, "முள்ளு மாத்துனியாய்யா?" மாத்திட்டேன் தாத்தான்னேன்.

கேக்குற காதை ஸ்பீக்கர்ல ஒட்டி வெச்சுக்கிட்டாரு. நாதஸ்வரம் ஏறி வர்ற இடத்துல 'டிக், டிக்'னு ஒரு கீறல் இருக்கு. எத்தனையோ தடவை முயற்சி பண்ணியும் அதை என்னால எடுக்க முடியலை. அது வந்ததும் தலையை நிமித்தாம சொன்னாரு: "இது நாகலாபுரத்துக் கல்யாணத்துல விழுந்தது. மாப்பிள்ளைத் தம்பி தட்டை நழுவ விட்டுட்டான். மொதலாளி என்னைத்தான் அடிச்சாரு."

பாட்டு முடிஞ்சதும் டப்பாவுல இருந்து ஒரு இரும்பு முள்ளை எடுத்து என் பக்கம் நீட்டினாரு. "இந்தா. மறுபக்கம் போடு."