லெமன்னு நாம கூப்பிடற லைம்

காக்டெய்ல் குறிப்புல "லைம் ஜூஸ்"னு போட்டிருந்தா நம்ம பசங்க நேரா சூப்பர் மார்க்கெட்டுக்கு ஓடறாங்க. பெருசா, பச்சையா, விதையில்லாத ஒரு பழத்தை யானை விலை குடுத்து வாங்கிட்டு வர்றாங்க. கீரமங்கலம் கடைத்தெருவுல கிடைக்கிற மஞ்சள் எலுமிச்சம்பழத்தைக் காட்டினா, "அது லெமன் மச்சி"ங்கிறாங்க. கொடுமை என்னன்னா, அதுதான் அசல் லைம்! லெமன் சாதம், லெமன் ஜூஸ்னு நாமதான் பேரை மாத்தி வெச்சிருக்கோம். நிஜ லெமன் தடிச்ச தோலோட, முட்டை மாதிரி நீளமா இருக்கிற வேற பழம்.

கதை கொஞ்சம் பழசு. 'பஞ்ச்' என்ற பானத்தின் பெயர் எழுத்தில் முதலில் வருவது 1632-ல், ஆந்திரக் கரையில் பெட்டபோலியில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஒருவருக்கு வந்த கடிதத்தில். சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், மசாலா என்று அஞ்சு பொருள், அதனால 'பஞ்ச்' என்பது பரவலா சொல்ற விளக்கம்.

அதுக்கு முன்னாடியே இந்தச் சின்ன எலுமிச்சை அரேபியர்கள் மூலமா மேற்கே போய், அப்புறம் ஸ்பானியர்களோட கரீபியன் தீவுகளுக்கும் போயாச்சு. அங்கே ரம்மோட சேர்ந்தது. 1890-களின் கடைசியில் கியூபாவில் ஒரு இரும்புச் சுரங்கத்தின் பேரால் வந்த டைகிரி, வெறும் ரம், லைம், சர்க்கரைதான்.

அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் தெற்கே இருக்கிற கீஸ் தீவுகளில் இதே பழத்தைத் தோப்பு தோப்பா வளர்த்தாங்க. 'கீ லைம்'னு பேரே வந்தது. 1926 செப்டம்பர் புயல் அந்தத் தோப்புகளை அழிச்சிடுச்சு. திரும்ப நட்டவங்க பெர்சியன் லைமுக்கு மாறினாங்க. அதுல விதை கிடையாது, முள் கம்மி, தோல் தடிமன், தூரமா அனுப்பினாலும் தாங்கும். வாசனையும் புளிப்பும் மட்டும் ஒரு படி கம்மி. கொஞ்ச வருஷத்துல லைம்னாலே அதுதான்னு ஆயிடுச்சு.

இதைப் படிச்சப்ப எனக்கு 2018 நவம்பர் 16-தான் ஞாபகம் வந்தது. கஜா புயல்ல எங்க பக்கம் தென்னை, பலான்னு அத்தனையும் சாய்ஞ்சப்ப, கொல்லையில இருந்த எலுமிச்சையும் போச்சு. நான் நர்சரியில விதையில்லா ஒட்டுக்கன்னு பார்த்து வெச்சேன். அப்பத்தா ஒத்துக்கலை. "முள்ளு குத்தினாலும் நாட்டுக்கன்னே வையிடா, ஊறுகாய்க்கு வாசம் வேணும்"னாங்க. அன்னிக்கு அது பிடிவாதமாத்தான் தெரிஞ்சது. இப்ப அந்த மரம் காய்க்குது.

அதனால மக்களே, தோல் மெல்லிசா, வழவழன்னு, கையில கனமா இருக்கிற நாட்டுப்பழமா எடுங்க. பச்சையும் மஞ்சளும் கலந்திருந்தா நல்லது. உள்ளங்கையால உருட்டிட்டு, கசப்பு இறங்காம அளவாப் பிழிஞ்சு, உடனே கலந்துடுங்க. ரம் ஊத்தறதும் வெறும் சோடா ஊத்தறதும் உங்க இஷ்டம் :-)