படப்பையிலிருந்து பைக்கு: கடலூர் – சிதம்பரம் வட்டாரத்தில் வீட்டுத்தோட்டக் கல்வியும் தொலைவழிப் பயிற்சியும்

வீட்டுத்தோட்டம் தமிழகத்தில் நெடுங்காலம் கற்பிக்கப்படாத கலையாகவே இருந்தது. சங்க இலக்கியம் மனையைச் சார்ந்த தோட்டத்தைப் படப்பை எனச் சுட்டுகிறது. தோட்டக்குடிகளின் தனிமனைகளையும் அவற்றைச் சூழ்ந்த பயன்மரங்களையும் பெரும்பாணாற்றுப்படை விரித்துரைக்கிறது. பிற்காலத்தில் கொல்லை, புழைக்கடை, தோட்டம் எனப் பெயர்கள் மாறின. கடலூர் மாவட்டத்தில் 'கொல்லை' என்னும் சொல் வீட்டின் பின்புறத்தோடு நில்லாமல் புன்செய் நிலத்தையும் குறிக்கும்; 'முந்திரிக்கொல்லை' என்னும் வழக்கு இதற்குச் சான்று. பெயர் எதுவாயினும், எந்த மூலையில் முருங்கை நிற்க வேண்டும், குளித்த நீர் எந்த வாழைக்குப் போக வேண்டும், ஆடியில் ஊன்றிய அவரைக்கு எப்போது பந்தல் இட வேண்டும் என்னும் அறிவு பெரும்பாலும் பெண்களின் கைவழியே கடத்தப்பட்டது. அதனை எவரும் அறிவியல் என்று அழைக்கவில்லை. இவ்வறிவு பாடத்திட்டமாகவும், பின்னர் இணையவழிப் பயிற்சியாகவும் மாறிய வரலாற்றை இவ்வட்டாரத்தின் மண்ணோடு பொருத்திக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிறுவனங்களும் கொல்லையும்

வேளாண் அறிவியல் இம்மாவட்டத்திற்குக் காலத்தால் முந்தியே வந்துவிட்டது. பண்ருட்டிக்கும் கடலூருக்கும் இடைப்பட்ட பாலூரில் 1905இல் ஆய்வுப்பண்ணை தொடங்கப்பட்டது. இன்று அது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் காய்கறி ஆராய்ச்சி நிலையமாகும். பாலூர் 1 கத்தரி, பாலூர் 1 பலா ஆகியன அங்கிருந்து வெளிவந்த இரகங்கள். சிதம்பரத்தையடுத்து 1929இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பின்னர் வேளாண் புலமும் உருவாயிற்று. ஆயினும் இந்நிறுவனங்களின் கவனம் வயலை நோக்கியதாகவே இருந்தது. பாலூர்க் கத்தரியின் விதை கொல்லைக்கு வந்து சேர்ந்தது; அதை உருவாக்கிய அறிவு வந்து சேரவில்லை.

தொலைவிலிருந்து கற்பித்தல் இவ்விடைவெளியை நிரப்பும் வாய்ப்பாகத் தோன்றியது. அதன் ஆற்றலை முதலில் காட்டியது வானொலி எனலாம். 1960களில் தஞ்சை மாவட்டத்தில் பரவிய ஆடுதுறை 27 நெல்லை உழவர்கள் 'ரேடியோ நெல்' என்றே அழைத்தனர். அஞ்சல்வழிக் கல்வி மதுரைப் பல்கலைக்கழகத்தில் 1971இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1979இலும் தொடங்கிற்று. சிதம்பரத்தின் பெயர் தமிழகத்துக்கு வெளியிலும் பரவியதற்கு இத்தொலைதூரக் கல்வி ஒரு முதன்மைக் காரணம். வேளாண்மைப் பல்கலைக்கழகமும் தன் பங்கிற்குத் திறந்தவெளி, தொலைதூரக் கல்வி இயக்ககத்தின்வழிக் காளான் வளர்ப்பு, தேனீ வளர்ப்பு, காய்கறிச் சாகுபடி முதலியவற்றில் தமிழ்வழிச் சான்றிதழ்ப் படிப்புகளை நடத்தியது. அச்சிட்ட பாடநூலோடு நேர்முக வகுப்பையும் இவை கொண்டிருந்தன என்பது கருதத்தக்கது.

பல்கலைக்கழக மானியக் குழு 2020ஆம் ஆண்டு வெளியிட்ட ஒழுங்குமுறைகள், தொலைநிலையிலும் இணையவழியிலும் பட்டம் வழங்கக் கூடாத துறைகளுள் வேளாண்மையையும் தோட்டக்கலையையும் சேர்த்துள்ளன. செய்முறையின்றி இத்துறைகளைக் கற்க இயலாது என்னும் நிலைப்பாடு அது. ஆனால் அதே ஆண்டின் பெருந்தொற்று முடக்கக் காலத்தில்தான் மாடித்தோட்டம் பற்றிய இணையவழிப் பயிற்சிகள் பெருகின. பட்டத்திற்குத் தகாதது எனப்பட்ட வழி வீட்டுத்தோட்டத்திற்குப் போதுமானதாகக் கொள்ளப்பட்டது. வீட்டுத்தோட்டத்தை முழுமையான அறிவியலாக மதியாத பழைய மனப்போக்கின் தொடர்ச்சியே இது என்று கொள்வதில் தவறில்லை.

மண் பைக்குள் புகுந்த கதை

இணையவழிப் பயிற்சி இயல்வதற்கு ஒரு முன்நிபந்தனை இருந்தது. கற்போர் எங்கிருந்தாலும் ஒரே பாடம் பொருந்த வேண்டுமெனில், அவர்கள் கையாளும் மண்ணும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். 2013இல் தமிழக அரசு சென்னை, கோவை நகரங்களில் அறிமுகப்படுத்திய மாடித்தோட்டத் திட்டம், பாலித்தீன் பை, தென்னை நார்க்கழிவு, விதை, உரம் ஆகியவற்றை ஒரே தொகுப்பாக மானிய விலையில் வழங்கியது. மண் என்பது இடத்தைப் பொறுத்தது என்ற நிலை மாறி, விலைக்கு வாங்கும் கலவையாயிற்று. கலவையின் விகிதத்தைத் திரையில் சொல்லிவிடலாம். கொல்லையின் மண்ணை அவ்வாறு சொல்லிவிட முடியாது.

இம்மாற்றம் கடலூர் முதுநகரில் தனிப்பொருள் பெறுகிறது. துறைமுகத்தை ஒட்டிய இப்பகுதியில் ஓடும் ஆற்றின் பெயரே உப்பனாறு. 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலையில் தேவனாம்பட்டினம் முதல் கிள்ளை வரையிலான கரையோரத்தில் கடல்நீர் புகுந்தது. அந்நீர் வடிந்த பின்னும் உப்பு மண்ணில் தங்கிற்று. இந்நிலங்களைப் பேசத் தமிழில் இரு சொற்கள் உண்டு. உவர் என்பது கரையும் உப்பு மிகுந்த நிலம்; நல்ல நீரைத் தேக்கி வடித்தால் தேறும். களர் என்பது சோடியம் மண்துகளோடு பிணைந்து, நீர் இறங்காது இறுகிய நிலம். அதற்கு ஜிப்சம் இட்ட பிறகே நீர் பயன் தரும். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவதும் உதவும். இன்றைய மண்ணியல் மின்கடத்து திறன், கார அமில நிலை, சோடிய விழுக்காடு ஆகிய அளவீடுகளால் இவ்வேறுபாட்டை நிறுவுகிறது. கல்லாதவரைத் திருக்குறள் களர்நிலத்தோடு ஒப்பிட்டதை ஈண்டு நினைவுகூரலாம். உழவறிந்த சமூகத்திற்கு அவ்வுவமை விளக்கம் வேண்டாதது.

பை இந்த இடரிலிருந்து விடுதலை தந்தது என்பது பாதி உண்மையே. கிணற்று நீர் உவராக இருப்பின், பைக்குள் ஊற்றிய நீர் ஆவியாகி உப்பு மட்டும் தங்கும். நிலத்திலாவது வடகிழக்குப் பருவமழை அதைக் கழுவிக் கீழிறக்கும். மாடியில் கூரை நிழலிலோ நிழல்வலையின் கீழோ உள்ள பைக்கு அம்மழை முழுமையாக வாய்ப்பதில்லை. அடித்துளை வழியே நீர் வழியுமாறு அவ்வப்போது மிகுதியாக ஊற்றுவதே தீர்வு. உப்பங்கழியில் ஊறவைத்த மட்டையிலிருந்து பெற்ற நார்க்கழிவாயின் அதிலேயே உப்பு மிகுந்திருக்கும். கழுவாமல் பயன்படுத்தக் கூடாது. இலை ஓரம் கருகுவதைக் கண்டு உரக்குறை என்றெண்ணி மேலும் உரமிடுவோர் உப்பையே கூட்டுகின்றனர். பொதுப்பாடம் இதனைத் தவறாகச் சொல்வதில்லை. பெரும்பாலும் சொல்லாமலே விடுகிறது.

சிதம்பரத்தின் நிலை வேறு. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட களிமண்ணில் உப்பைவிட நீர் தேங்குதலே இடர். அங்கு மேட்டுப்பாத்தி வேண்டும். பண்ருட்டிச் செம்மண்ணில் நீர் நில்லாமையே குறை. அங்கு மூடாக்கும் தொழுவுரமும் முதன்மை பெறும். 2011 திசம்பர் 30இல் தானே புயல் இப்பகுதியின் பலாவையும் முந்திரியையும் சாய்த்தபோது, மறுநடவு குறித்த கேள்விகளுக்கு மண்ணறிந்த விடைகள் தேவைப்பட்டன. நாற்பது கிலோமீட்டருக்குள் மூன்று மண், மூன்று பாடம். பாலூர் நிலையமும், விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையமும், அண்ணாமலைநகர் வேளாண் புலமும் இம்மூன்று மண்ணையும் அறிந்த நிறுவனங்கள். இணையப் பாடத்தின் ஒரு பகுதியையேனும் வட்டாரவாரியாகப் பிரித்து, கற்போர் தத்தம் கிணற்று நீரையும் மண்ணையும் ஆய்வுக்கு அனுப்பிப் பெறும் முடிவையே முதற்பயிற்சியாக வைப்பது இந்நிறுவனங்களுக்கு எட்டாத செயலன்று. ஆடியில் எதை எங்கே ஊன்றுவது என்றறிந்த முதுநகர்ப் பெண்களின் பட்டறிவைப் பதிவு செய்யும் பணியும் அப்போதுதான் பாடத்திட்டத்தின் உறுப்பாக இடம்பெற வாய்ப்புண்டு.