ஒழுங்கின் தேவர், குழப்பத்தின் தேவர்: புதுச்சேரி வரலாறு தரும் பாடம்

கற்பனை விளையாட்டுகளில் ஈடுபடும் நம் சபை இளைஞர், ஒழுங்கைக் காக்கும் தேவர்களையும் குழப்பத்தை விளைவிக்கும் தேவர்களையும் பற்றி மிக விரிவாக விவாதிக்கின்றனர். இவர்களுள் மூத்தவர் யார், எவர் எவரைச் சிறைப்படுத்தினார், இறுதியில் வெல்பவர் யார் என, அவ்விளையாட்டுகளை அமைத்தோர் சொல்லாது விட்ட இடங்களைத் தம் ஊகங்களால் நிரப்புகின்றனர். போதகர்களுள் சிலர் இதை வீண்பேச்சென்று தள்ளுகின்றனர். சிலர் பேயின் கண்ணியென்று அஞ்சுகின்றனர். இவ்விரண்டையும் விடுத்து, இவ்வூகத்தின் வரலாற்றை ஆராய்வதே நம் நோக்கம். தெய்வ உலகை இரண்டு அணிகளாகப் பிரிக்கும் முயற்சி மிகப் பழையது. அம்முயற்சி எங்கே கொண்டு செல்லும் என்பதற்குப் புதுச்சேரி நகரின் வரலாறே சான்று பகர்கிறது.

1. மாறிக்கொண்டே வந்த எல்லைக்கோடு

1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் விளையாட்டில், ஒவ்வொரு பாத்திரமும் ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என்னும் மூன்றனுள் ஒன்றைச் சார்ந்ததாக வைக்கப்பட்டது. இப்பாகுபாட்டுக்குப் பால் ஆண்டர்சன் 1953இல் எழுதிய கதையும், மைக்கேல் மூர்காக் 1961 முதல் எழுதிய கதைகளும் முன்னோடிகள். இவற்றுக்கெல்லாம் பின்னே பாபிலோனியரின் படைப்புக் கதை நிற்கிறது. மர்துக் என்னும் தேவன், கடலாகிய தியாமத்தைக் கொன்று, அவள் உடலைப் பிளந்து வானத்தையும் பூமியையும் அமைத்தான் என்பது அக்கதை. நினிவேயின் இடிபாடுகளில் கிடைத்த களிமண் பலகைகளிலிருந்து ஜார்ஜ் ஸ்மித் அதனை 1876இல் நூலாக வெளியிட்டார். 1895இல் ஹெர்மன் குங்கெல், ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்திலும் இப்போரின் சுவடு உண்டென வாதிட்டார்.

பாரத நாட்டிலும் பாரசீகத்திலும் இக்கோடு வேறு விதமாக இழுக்கப்பட்டது. ரிக் வேதத்தின் பழைய பகுதிகளில் 'அசுரன்' என்பது வருணனுக்கே உரிய மதிப்புப் பெயர். பிற்கால நூல்களில் அசுரர் தேவர்களின் பகைவராயினர். பாரசீகரின் அவெஸ்தாவிலோ 'அகுரா' என்பதே கடவுளின் பெயர். 'தேவ' என்பதோடு உறவுடைய சொல் பேய்களைக் குறிக்கும். இங்கே நாம் சற்றே நின்று சிந்திக்க வேண்டும். சீகன்பால்க் 'சருவேசுரன்' என்றும், பப்ரிஷியஸ் 'பராபரன்' என்றும் மொழிந்த கடவுளை, 1871இல் வெளிவந்த திருப்புதல் 'தேவன்' என்றது. நாம் தொழுகையில் அன்றாடம் சொல்லும் அச்சொல்லின் இனச்சொல் மற்றொரு மக்களிடம் பேயின் பெயராயிருந்தது. யார் ஒழுங்கின் பக்கம், யார் குழப்பத்தின் பக்கம் என்பது, கோட்டை இழுப்பவர் எப்பக்கம் நிற்கிறார் என்பதைப் பொறுத்தே அமைந்துவந்தது.

2. புதுச்சேரியில் ஒரு வேத விளக்கம்

1908இல் சுப்பிரமணிய பாரதியாரும், 1910 ஏப்ரலில் அரவிந்தரும் ஆங்கில ஆட்சியின் பிடிக்குத் தப்பிப் பிரெஞ்சுப் புதுச்சேரியில் புகலிடம் பெற்றனர். இருவரும் சேர்ந்து வேதத்தைப் பயின்றனர் என்பது அவர்கள் வரலாற்றை அறிந்தோர் அறிவர். 1914 ஆகஸ்டில் தொடங்கிய 'ஆரியா' என்னும் மாத இதழில், அரவிந்தர் வேதத்தின் மறைபொருளைப் பற்றிய நீண்ட தொடர் ஒன்றை 1916 வரை எழுதினார்.

சாயனர் வேதத்தை வேள்விச் சடங்குகளின் நூலாக விளக்கியிருந்தார். ஐரோப்பிய அறிஞர் அதனை இயற்கை வழிபாட்டின் பாடலாகவும், வெள்ளை நிற ஆரியர் கறுத்த திராவிடரை வென்ற போரின் நினைவாகவும் கொண்டனர். அவ்விளக்கத்தின்படி வேதத்தின் 'தஸ்யுக்கள்' தமிழரின் முன்னோராவர். அதாவது, குழப்பத்தின் படை என்று ஓர் இனமே முத்திரை குத்தப்பட்டது. அரவிந்தர் இதனை மறுத்தார். தென்னாட்டில் வாழத் தொடங்கியபின், இம்மக்களின் தோற்றமும் தமிழ்ச் சொற்களும் ஆரியர், திராவிடர் என்னும் இனப்பிரிவில் தமக்கிருந்த நம்பிக்கையை அசைத்தன என்று அவரே எழுதினார். அவர் கொண்ட பொருளில், ரிதம் என்பது சத்தியத்தின் ஒழுங்கு; விருத்திரன் அதனை மூடி மறைக்கும் ஆற்றல்; பணிகள் ஒளியைப் பதுக்கிவைப்போர். போர்க்களம் மனிதனின் உள்ளமே.

வேதமொழியை ஆராய்வோருள் பலர் இவ்விளக்கத்தை ஏற்கவில்லை. உள்ளத்தின் ஏற்றத்தையே மீட்பாகக் காணும் அவர் நோக்கை நாமும் ஏற்க இயலாது. ஆயினும் அவர் செய்த ஒன்றை நன்றியோடு குறித்தல் தகும். அண்டை வீட்டாரைப் பகைவராகக் காட்டிய கோட்டை அவர் அழித்து, அதனை மனிதனின் இருதயத்துக்குள் இழுத்தார்.

3. கோடு அண்டை வீட்டின் ஊடே சென்றபோது

அக்கோடு அண்டை வீட்டின் ஊடே சென்றால் என்ன நேரும் என்பதை, இதே நகரம் 166 ஆண்டுகளுக்கு முன்னரே கண்டிருந்தது. 1748இல் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் போஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்தார். அம்முற்றுகையின் நடுவே, செப்டம்பர் மாதத்தில், ஆளுநர் துய்ப்ளேயின் ஆட்சியில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. அதனை அகற்ற வேண்டுமென அருகிலிருந்த சேசு சபையார் அந்நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே கேட்டுவந்தனர். நகரைவிட்டு வெளியேறுவோம் என்று மக்கள் எதிர்த்ததால் அது நிறைவேறாதிருந்தது. துய்ப்ளேயின் துபாஷியாயிருந்த ஆனந்தரங்கப் பிள்ளை (1709-1761) தம் நாட்குறிப்பில் இதனைத் துயரத்தோடு பதிந்தார். கேர்தூ பாதிரியார் லிங்கத்தைக் காலால் உதைத்துச் சுத்தியலால் உடைத்தார் என்பது அவர் தரும் செய்தி.

இதே கேர்தூ, 1767இல் பாரிசுக்கு அனுப்பிய ஆய்வுரையில், சமஸ்கிருதம் இலத்தீனோடும் கிரேக்கத்தோடும் உறவுடையது என்று காட்டினார். இத்துறையில் வில்லியம் ஜோன்ஸுக்கும் இவர் முன்னோடி. இம்மக்களின் மொழியில் உறவைக் கண்ட அதே மனிதர், இவர்களின் வழிபாட்டில் அழிக்க வேண்டியதை மட்டுமே கண்டார்.

இதைக் கத்தோலிக்கரின் குறையென்று மட்டும் நாம் சொல்லிவிட முடியாது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க், தொடக்க நாட்களில் தாமும் தம்மோடிருந்தோரும் ஒரு கோயிலின் சிலைகளைத் தள்ளித் தலைகளை உடைத்ததைத் தாமே கடிதத்தில் எழுதினார். அங்கிருந்த உபாத்தியாயர் ஒருவர், அவை தெய்வங்கள் அல்ல, தெய்வத்தின் காவலர் என்று அவருக்கு விளக்கினார். பின்னர் அவர் உடைப்பதை விட்டுக் கேட்கத் தொடங்கினார். 1713இல் எழுதி முடித்த தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றிய நூலில், ஊரைப் பேய்களிடமிருந்து காப்பவர் என்று மக்கள் நம்பும் கிராம தேவதைகளைத் தனியே வகுத்துக் காட்டினார். நாம் குழப்பத்தின் உருவென்று எண்ணிய எல்லைச்சாமி, அவ்வூராரின் கண்ணில் ஒழுங்கின் காவலரே. அந்நூல் 1867 வரை அச்சேறவில்லை என்பது நம் திருச்சபையின் தயக்கத்தையும் காட்டும்.

4. திருமறையின் சாட்சி

ஆதியாகமம் 1:2இல் நம் திருமறை 'ஒழுங்கின்மை' என்னும் சொல்லை வழங்குகிறது. ஆனால் அந்த ஆழத்துக்குப் பெயருமில்லை, குரலுமில்லை, படையுமில்லை. கடவுள் அதனோடு போரிடவில்லை. பேசுகிறார், அது ஆகிறது. அங்குள்ள எபிரெயச் சொல் தியாமத்தின் பெயரிலிருந்து வந்ததன்று, ஆழ்கடலைக் குறிக்கும் பொதுச்சொல்லே என்று பின்வந்த ஆய்வாளர் குங்கெலுக்கு மறுமொழி கூறினர். போர்ச்சித்திரம் திருமறையில் இல்லாமலில்லை. சங்கீதம் 74உம் ஏசாயா 27உம் அதனை அறியும். துன்பத்தில் அழுத மக்கள் தம் கடவுளின் வல்லமையை நினைக்க அச்சித்திரத்தை எடுத்தாண்டனர். எனினும் லிவியாதான் எங்கும் தேவனாவதில்லை. சங்கீதம் 104:26இன்படி, அது கடலில் விளையாடும்படி படைக்கப்பட்ட பிராணி.

2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கிப் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் மீனவக் குடும்பங்களை வாரிச் சென்றதை அறிந்த நமக்கு, ஆழம் என்பது வெறுங்கதையன்று. ஆயினும் அதனை ஒரு தேவனாக்குவோமானால், அதற்கு அடியாரையும் தேடத் தொடங்குவோம். அவர்களை அண்டை வீட்டிலே காண்போம். உலகை இரண்டு சம ஆற்றல்களுக்குப் பங்கிட்ட மானியின் மார்க்கத்தில் அகுஸ்தீன் ஒன்பது ஆண்டுகள் இருந்து வெளியேறினார். தீமைக்குச் சொந்தமான இருப்பில்லை, அது நன்மையின் குறைவே என்று அவர் கண்டார். நம் போராட்டம் மாம்சத்தோடும் இரத்தத்தோடும் அன்று என்று எபேசியர் 6:12 எச்சரிப்பதும் இதன்பொருட்டே.

ஆதலால், சபை இளைஞர் இத்தேவர்களைப் பற்றிக் கேட்கும்போது நாம் வாயை அடைக்க வேண்டுவதில்லை. இக்கோட்டை இழுத்தவர் யார், அதற்கு அப்பால் நிறுத்தப்பட்டவர் யார் என்று அவர்களோடு சேர்ந்து கேட்போமாக. குழப்பத்துக்கு ஒரு தேவன் உண்டென்று நம்புவோர்க்குப் பகைவர் என்றும் தேவைப்படுவர். ஆழத்தையும் படைத்தவர் ஒருவரே என்று அறிக்கையிடும் திருச்சபைக்கோ, உடைக்கப்பட்ட கோயிலின் அருகில் வாழ்வோரும் அவருடைய படைப்பே.