புளியோதரை ரசிகர்கள்

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் குடும்பத்தோடு மாமல்லபுரம் போயிருந்தோம். குடும்பம் என்றால் சின்னக் குடும்பமல்ல. கிராமத்திலிருந்து வந்திருந்த என் அத்தை, அவளுடைய பேரன் பேத்திகள், கூஜா இரண்டு, பெரிய தூக்கு நிறையப் புளியோதரை, இன்னொன்றில் தயிர்சாதம், சிறு ஜாடியில் மாவடு எல்லாம் அதில் சேர்த்தி. அர்ச்சுனன் தபசுப் பாறைக்கு எதிரே நிழலாக ஓர் இடம் பார்த்து உட்கார்ந்து மூட்டையை அவிழ்த்தோம். காமிராவும் கையுமாக அங்கே நின்றிருந்த ஒரு கனவான், எங்கள் காதில் விழும்படியாகவே தம் நண்பரிடம் சொன்னார்:

"இந்தக் கூட்டத்துக்குச் சிற்பத்தைப் பற்றி என்ன சார் தெரியும்? புளியோதரை தின்ன ஓர் இடம் வேண்டும்; வந்து விடுகிறார்கள்!"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் வாய் நிறையப் புளியோதரை இருந்தபடியால் பதில் சொல்ல முடியவில்லை. வீடு திரும்பும் வழியில் யோசித்துப் பார்த்தபோது, இவரைவிட எவ்வளவோ பெரியவர் ஒருவர் ஏறக்குறைய இதையே சொல்லியிருக்கிறார் என்பது நினைவுக்கு வந்தது. அவர்தான் ஆங்கில மகாகவி வேர்ட்ஸ்வொர்த்! அந்தக் கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

காலையில் புறப்பட்டு, நாலு இடம் பார்த்து, சாப்பிட்டு, மாலையில் வீடு திரும்புவது நமக்கு இன்று சாதாரண விஷயம். ஆனால் ஏழைத் தொழிலாளிக்கு அது கிடைக்க மூன்று பொருள்கள் சேர வேண்டும்: மலிவான வண்டி, ஓய்வாக ஒரு நாள், போகிற இடத்தில் கால் வைக்க உரிமை. இங்கிலாந்தில் இந்த மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

முதலில் வந்தது வண்டி. தாமஸ் குக் என்பவர் மரவேலை செய்து பிழைத்தவர், மதுவிலக்குப் பிரசாரகர். ‘குடிக்காதே’ என்று சொன்னால் மட்டும் போதாது, குடிக்காத நேரத்தில் என்ன செய்வது என்பதற்கும் வழி காட்ட வேண்டும் என்பது அவருக்குப் புரிந்திருந்தது. 1841-ஆம் வருஷம் ஜூலை 5-ஆம் தேதி, லெஸ்டர் நகரிலிருந்து சுமார் 11 மைல் தூரத்திலுள்ள லாஃப்பரோவுக்கு ஒரு தனி ரயில் ஏற்பாடு செய்தார். போக வரக் கட்டணம் ஒரு ஷில்லிங். ஏறக்குறைய 500 பேர் ஏறினார்கள். பாண்டு வாத்தியம் முழங்கிற்று. போன இடத்தில் தேநீரும், விளையாட்டும், தப்ப முடியாத மதுவிலக்குச் சொற்பொழிவும் நடந்தன. இதற்கு முன்பும் உல்லாச ரயில்கள் ஓடியதுண்டு. ஆனால் சாதாரண ஜனங்களை ஊர் பார்க்க அழைத்துப் போவதையே ஒரு தொழிலாக வளர்த்தவர் குக். பத்து வருஷங்களுக்குப் பிறகு, 1851-இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சிக்கு அவர் மூலமாகப் போனவர்கள் மட்டும் ஒன்றரை லட்சம் பேர் என்பார்கள்.

இந்த ரயில் மோகம் வடக்கே ஏரிகளும் மலைகளும் நிறைந்த லேக் டிஸ்ட்ரிக்டை நெருங்கியபோதுதான் கவிஞர் விழித்துக்கொண்டார். கெண்டாலிலிருந்து விண்டர்மியர் ஏரிப் பக்கம் ரயில்பாதை போடப்போகிறார்கள் என்று 1844-இல் செய்தி வந்தது. வேர்ட்ஸ்வொர்த்துக்கு அப்போது 74 வயது, ஆஸ்தான கவி. ‘மார்னிங் போஸ்ட்’ பத்திரிகையில் எதிர்த்துக் கவிதை எழுதினார். நீண்ட கடிதங்களும் எழுதினார். அவருடைய வாதம் இதுதான்: இயற்கை அழகை ரசிப்பது பிறவியிலேயே வருவதல்ல, பழகிப் பண்பட்டுத்தான் வரும். ஆலைத் தொழிலாளிகளைக் கூட்டங்கூட்டமாகக் கொண்டுவந்து ஏரிக்கரையில் இறக்குவதால் அவர்களுக்கு ஒரு லாபமும் இல்லை. மல்யுத்தப் பந்தயமும் குதிரைப் பந்தயமும் பீர்க்கடையும்தான் பெருகும். அவர்கள் பெண்டு பிள்ளைகளுடன் தங்கள் ஊர்ப் பக்கத்து வயல்வெளிகளிலேயே உலாவி வரட்டுமே!

இதில் ஒரு வேடிக்கை. அந்த ஏரிகளுக்கு வழிகாட்டி நூல் எழுதி ஊரெல்லாம் பிரபலப்படுத்தியவர் வேர்ட்ஸ்வொர்த்தேதான்! அதே நூலில், காணக் கண்ணும் அனுபவிக்க இதயமும் உள்ளவர்க்கெல்லாம் அந்தப் பிரதேசம் ஒருவகைத் தேசிய சொத்து என்ற அபிப்பிராயத்தையும் சொல்லியிருந்தார். ஆனால் கண்ணும் இதயமும் மூன்றாம் வகுப்பில் பிரயாணம் செய்யும் என்பதுதான் அவருக்கு நம்பிக்கைப்படவில்லை. 1847-இல் விண்டர்மியருக்கு ரயில் வந்தது. அதற்கு மேல் அவர் வீட்டுப் பக்கம் போகாமல் அங்கேயே நின்றும் விட்டது.

இரண்டாவது, ஓய்வு நாள். 1850-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டப்படி, துணி ஆலைகளில் பெண்களுக்கும் இளவயதினருக்கும் சனிக்கிழமை பகல் இரண்டு மணியோடு வேலை முடிந்தது. 1871-இல் ஜான் லப்பக் என்ற பார்லிமெண்டு அங்கத்தினர் வங்கி விடுமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்தார். ஆகஸ்டு மாதத்து முதல் திங்கட்கிழமை விடுமுறையாயிற்று. ஜனங்கள் மகிழ்ந்துபோய் அதை ‘புனித லப்பக் திருநாள்’ என்று வேடிக்கையாக அழைத்தார்கள். இந்த மனிதர் வங்கிக்காரர். ஆனால் மிச்ச நேரத்தில் எறும்பையும் தேனீயையும் ஆராய்ந்து புத்தகம் எழுதியவர். அற்ப விஷயங்களில் ஆசை உள்ளவருக்குத்தான் பிறருடைய ஓய்வின் அருமை தெரியும் போலிருக்கிறது.

சாப்பாட்டை மறந்துவிட்டேன் என்று வாசகர்கள் பயப்பட வேண்டாம். 1861-இல் வெளிவந்த திருமதி பீட்டனின் இல்லற நிர்வாக நூலில், 40 பேர் வனபோஜனத்துக்குப் போனால் என்னென்ன எடுத்துப் போகவேண்டும் என்று ஒரு ஜாபிதா இருக்கிறது. மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி, நாலு கோழி, இரண்டு வாத்து, ஆறு சிங்கி இறால் என்று அது நீண்டுகொண்டே போகும். மறக்கக் கூடாதவற்றில், பாட்டில் மூடியைத் திருகி எடுக்கும் திருகாணி மூன்று! தண்ணீர் எங்கும் கிடைக்கும், சுமக்க வேண்டாம் என்கிறார். காப்பி போடுவது சிரமம், ஆகையால் வனபோஜனத்துக்கு ஏற்றதல்ல என்றும் தீர்ப்புச் சொல்லிவிட்டார். நம் வீட்டு அம்மாள்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இந்த ஜாபிதா வசதியுள்ளவர்களுக்கு. குக்கின் ரயிலில் போனவர்களுக்கு ரொட்டியும் தேநீருமே விருந்து.

மூன்றாவதான கால் வைக்கும் உரிமைதான் கடைசியில் வந்தது. மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் இடையே உள்ள கின்டர் ஸ்கௌட் என்ற மேட்டுநிலம் பிரபுக்களின் பறவை வேட்டைக் காடு. கீழே ஆலைப் புகையில் ஆறு நாள் வேலை செய்தவன் ஏழாம் நாள் அங்கே ஏறி நடந்தால் காவல்காரர்கள் விரட்டுவார்கள். 1932 ஏப்ரல் 24-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, பென்னி ராத்மன் என்ற இருபது வயது வாலிபரின் தலைமையில் சுமார் 400 பேர் வேண்டுமென்றே அதில் ஏறினார்கள். காவல்காரர்களுடன் கைகலப்பு நேர்ந்தது. ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை நடந்து போனதன் விலை அது! அந்தத் தண்டனை அவர்கள்மீது அநுதாபத்தைப் பெருக்கிற்று. 1949-இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951-இல் அதே கின்டர் ஸ்கௌட் அடங்கிய பீக் டிஸ்ட்ரிக்ட் முதல் தேசியப் பூங்காவாயிற்று. வேர்ட்ஸ்வொர்த்தின் ஏரிகளும் அவ்வருஷமே பூங்காவாயின. 2002-இல் எழுபதாம் ஆண்டு நினைவு விழாவில், அந்நிலத்துக்கு அன்று சொந்தக்காரராயிருந்த டெவன்ஷயர் பிரபுவின் பேரர் நேரில் வந்து வருத்தம் தெரிவித்தார்.

கவிஞர் பயந்தது முழுவதும் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். கூட்டம் சேர்ந்தால் குப்பையும் சேரும். எங்கள் வாழையிலைகளை நாங்களே சுருட்டி எடுத்து வந்தோம். எல்லோரும் அப்படிச் செய்வதில்லை. ஆனால் குப்பை போடாதே என்று சொல்வது வேறு, நீ ரசிக்கத் தகுதியற்றவன் என்பது வேறு.

அன்றைய தினம் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு அத்தை பாறையருகே போனாள். அவளுக்குப் பல்லவர் சிற்பமும் தெரியாது, சோழர் சிற்பமும் தெரியாது. ஒற்றைக் காலில் நிற்கும் தபசியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கீழே பார்வை இறங்கியதும் வாய்விட்டுச் சிரித்தாள். "அடே, இங்கே பாருடா, ருத்திராட்சப் பூனை!" கையைத் தூக்கித் தவம் செய்யும் பூனையையும் அதன் காலடி எலிகளையும் குழந்தைகளுக்குக் காட்டினாள். பக்கத்துக் கிருஷ்ண மண்டபத்தில் பால் கறக்கும் சிற்பத்தின் முன்னால் கால் மணி நேரம் நின்றாள்.

"தாய் கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது பார். அந்தச் சமயம் பார்த்துக் கறக்கிறான். அப்போதுதான் மாடு பாலை அடக்காது. இதைச் செதுக்கினவன் வீட்டில் மாடு இருந்திருக்கும்டா!"

இதற்கு முன்பு ஐந்தாறு தடவை அங்கே போயிருக்கிறேன். எனக்கு இது தோன்றியதில்லை.

"நம்மைக் கேலி செய்தாரே, அந்தக் காமிராக்காரர் இதைப் பார்த்தாரோ?" என்று கேட்டேன்.

"அவர் அப்போதே போய்விட்டாரே" என்றாள் அத்தை. "பசி போலிருக்கிறது, பாவம். ஒரு பிடி புளியோதரை கொடுத்திருந்தால் சாவகாசமாகப் பார்த்திருப்பார்!"