பர்மா பிரிந்தபோது நம் வணிகர்கள்

ஒரே ஆட்சியின் கீழிருந்த நிலங்கள் இரண்டாகப் பிரிந்தால், இரு கரையிலும் வாழ்ந்த வணிகரின் நிலை என்ன? தமிழ் முஸ்லிம்களுக்கு இவ்வினா புதிதன்று.

1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டப்படி, 1937 ஏப்ரல் 1 அன்று பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. அதுவரை சென்னையிலிருந்து ரங்கூனுக்குக் கப்பலேறுவது உள்நாட்டுப் பயணமே. சூலியாக்கள் எனப்பட்ட நம் முன்னோர் அங்கே கடை வைத்தனர்; பள்ளிவாசல் எழுப்பினர். சென்னை மாகாணத்திற்கோ பர்மா அரிசி தேவைப்பட்டது. ஆகவே வணிகமும் போக்குவரத்தும் மூன்றாண்டுகளுக்குப் பழையபடியே தொடர ஏற்பாடாயிற்று.

சரக்குக்குக் கிடைத்த பாதுகாப்பு மனிதருக்குக் கிடைக்கவில்லை. 1938 ஜூலையில் ரங்கூனில் மூண்ட கலவரத்தில் இந்திய முஸ்லிம்கள் பலர் உயிரையும் உடைமையையும் இழந்தனர். 1941இல் இரு அரசுகளும் புதிய வணிக உடன்பாடு கண்டன. அதே ஆண்டு கிர்ஜா சங்கர் பாஜ்பாய் குழு பேசி முடித்த குடியேற்ற உடன்பாடோ, இந்தியர் பர்மாவில் நுழைவதற்குக் கடும் கட்டுப்பாடுகளை விதித்தது. இந்தியாவில் எதிர்ப்பு எழுந்தது. அது அடங்குமுன், டிசம்பர் 23 அன்று ரங்கூன் மீது ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்குத் தப்பி வந்தனர். பலர் வழியிலேயே மாண்டனர்.

போருக்குப்பின் திரும்பிச் சென்றோரின் கடைகளும் 1964இல் நாட்டுடைமையாயின. வெறுங்கையுடன் வந்தவர்களின் உழைப்பில் உருவானதே சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தருகே உள்ள பர்மா பஜார்.

அண்டை நாடுகளின் வணிக ஒப்பந்தங்களைப் படிக்கும்போது வரி விகிதத்தோடு நின்றுவிட வேண்டாம். அங்கே வாழும் மக்களின் உரிமை குறித்து என்ன எழுதப்பட்டுள்ளது என்பதையும் பார்ப்போமாக.